மலர்க்கொடி அக்கா கேட்ட மூன்றாவது நிலை

மலர்க்கொடி அக்கா ஒற்றைக் கையால்தான் எழுதுவார். வலது கை விசைப்பலகையில் ஓடும். இடது கையின் சுட்டுவிரல் திரையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே எந்த வரியிலிருந்து ஒரு விவரத்தை எடுக்கிறாரோ அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு, கீழே புதிய வரியை எழுதுவார். எழுதியதை ஓட்டிப் பார்த்து, சரியாக வந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் விரலை எடுப்பார். நடுவில் போன் வந்தால் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வார். டீ வந்தால் வலது கையை நீட்டி வாங்குவார். விரல் மட்டும் அசையாது. அதனால் அவருடைய திரையின் இடது ஓரம் எந்நேரமும் மங்கலாக இருக்கும். மாலையில் கிளம்புவதற்கு முன் முந்தானை முனையால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டுப் போவார்.

"விரல எடுத்தா அந்த வரி ஓடிப்போயிடுமாக்கா?" என்று செந்தமிழ்செல்வன் கேட்பான்.

"அது ஓடாதுடா. நான்தான் எங்கியாவது போயிடுவன்."

எங்கள் அலுவலகம் சிதம்பரத்தில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது. சுப்பிரமணியன் சார் நடத்திய சின்ன மென்பொருள் நிறுவனம். பள்ளிக்கூடம், சங்கம், சின்ன மருத்துவமனை என்று வருகிறவர்களுக்கு எழுதிக் கொடுப்போம். கீழே குடங்களை இறக்கும் சத்தம் வந்துகொண்டே இருக்கும். அக்கா, செந்தமிழ்செல்வன், நான். நான்தான் கடைசியாகச் சேர்ந்தவன். அதிகம் பேச மாட்டேன். சாப்பாட்டு நேரத்தில் கவிதைப் புத்தகம் எதையாவது பிரித்து வைத்துக்கொள்வேன். செந்தமிழ்செல்வன் எட்டிப் பார்த்து, "பக்கத்துக்கு நாலு வரிதான் மச்சான் இருக்கு, மீதியெல்லாம் வெள்ளப் பேப்பரு. இதுக்குக் காசு வேற குடுத்தியா?" என்பான். அக்கா மட்டும் ஒருமுறை புத்தகத்தை வாங்கிப் படித்தார். "ஒண்ணும் புரியல தம்பி. ஆனா திருப்பிக் குடுக்கவும் மனசு வரல" என்றார்.

அக்காவின் வேலை என்ன என்று சொல்ல வேண்டும். ஒரு மென்பொருளைப் புதிதாக எழுதி முடித்ததும் அதற்குள் ஒருவரும் இருக்க மாட்டார்கள். யாரும் குடியேறாத வீடு மாதிரி இருக்கும். வாங்குகிறவருக்குக் காட்டவும், நாங்களே சோதித்துப் பார்க்கவும் உள்ளே சில மனிதர்களைக் குடி வைக்க வேண்டும். பொய் மனிதர்கள். அவர்களை எழுதி வைக்கும் கோப்பை சீட் ஃபைல், அதாவது விதைக் கோப்பு, என்போம். அதை எழுத ஒரு சின்ன மொழி இருக்கிறது. ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு பதிவு. கணவனின் பதிவில் தெருவை எழுதிவிட்டால் மனைவியின் பதிவில் அதை மறுபடி எழுத வேண்டியதில்லை. 'கணவன் பதிவில் தெரு என்று என்ன இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்' என்று எழுதினால் போதும். மகளின் பதிவு அம்மாவுடையதிலிருந்து எடுத்துக்கொள்ளும். மேலே ஓரிடத்தில் மாற்றினால் கீழே எல்லோருக்கும் மாறிவிடும். எங்களுக்கெல்லாம் அவசரம், ஒன்றையே பத்து இடத்தில் எழுதிவிடுவோம். அக்கா எதையும் இரண்டு முறை எழுத மாட்டார். அவருடைய கோப்பில் யாரும் தனியாக நிற்பதில்லை. ஒவ்வொருவரும் மேலே இருக்கும் யாரையாவது பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பொய் மனிதர்களுக்கு நாங்கள் சொந்தக்காரர் பெயர், தெரிந்தவர் பெயர் வைப்பதில்லை. சோதிக்கும்போது அவர்களைச் சாகடிக்க வேண்டி வரும், அழிக்க வேண்டி வரும். ஆரம்பத்தில் சுப்பிரமணியன் சார் ஒரு மருத்துவமனை வேலைக்குத் தன் மாமியார் பெயரை வைத்து, 'காலமானார்' பொத்தானை அழுத்திக் காட்டினாராம். மறுவாரமே அந்த அம்மாளுக்கு நெஞ்சுவலி. பிழைத்துக்கொண்டார், ஆனால் சார் வீட்டில் பல நாள் பேச்சில்லை. அதற்குப் பிறகு பேருந்துப் பலகைகளிலிருந்து பெயர் எடுக்க ஆரம்பித்தோம். கணவன் விருத்தாசலம், மனைவி திட்டக்குடி, மகள் புவனகிரி, பக்கத்து வீட்டுக்காரர் சேத்தியாத்தோப்பு. இவர்களை எத்தனை தடவை கொன்றாலும் கேட்க ஆள் இல்லை.

அக்காவுக்குப் பரங்கிப்பேட்டையைத் தாண்டி ஒரு கடற்கரைக் குப்பம். கல்யாணத்துக்குப் பிறகு தபால் வழியில் கம்ப்யூட்டர் பட்டம் படித்தவர். அவர் குப்பத்தில் அப்படிப் படித்த பெண் வேறு யாரும் இல்லை. கணவர்தான் சேர்த்துவிட்டார். தொழிலுக்குப் போய் வந்து, மீனை ஏலத்தில் போட்டுவிட்டு, அதே ஈர லுங்கியோடு வண்டியில் ஏற்றிப் பரங்கிப்பேட்டை பேருந்து நிலையத்தில் இறக்கிவிடுவாராம். "எம்மேல மீன் கவுச்சி அடிக்கும், பஸ்ல எல்லாரும் மூக்கப் புடிப்பாங்க. அவுங்களுக்குச் சிரிப்பு. பெரிய படிப்பு படிக்கப் போற ஆளு நாத்தத்த பாருன்னுவாங்க."

அவுங்க என்றால் கணவர். ஊர்ப் பழக்கப்படி அக்கா கணவரின் பெயரைச் சொல்வதில்லை. பழகி வெகுநாள் வரையில் எனக்கு அந்தப் பெயர் தெரியாது.

நான் வேலையில் சேர்வதற்கு ஒரு வருடம் முன்பு, ஐப்பசிக் கடைசியில், அவர் ஒரு ஃபைபர் படகில் கடலுக்குப் போனார். கூட வந்தவன் தமிழ்வேந்தன், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாதவன். இரண்டு பேர். காற்று திரும்பிவிட்டது. படகு மட்டும் தெற்கே காரைக்கால் பக்கம் கவிழ்ந்து கிடைத்தது. ஆட்கள் கிடைக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் இது எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டோம். அக்காதான் பேசுவார். அவரைப் பற்றிச் சொல்லும்போது 'இருந்தாங்க' என்று சொன்னதில்லை. "அவுங்களுக்குக் கொழம்புல வெங்காயம் ஜாஸ்தி இருக்கணும்" என்பார். கழுத்தில் தாலியும் நெற்றியில் குங்குமமும் அப்படியே இருந்தன. மகள் வினோதினி பத்தாவது படித்தாள். பள்ளிக்கூடத்துக் காகிதங்களில் அப்பாவின் தொழில் மீன்பிடி என்றுதான் எழுதிக் கொடுத்தார்.

கடலில் போய்த் திரும்பாதவரை இறந்தவர் என்று எழுத ஏழு வருடம் ஆகவேண்டும் என்று சொல்கிறார்கள். தாலுகா அலுவலகத்தில் ஒரு அதிகாரி மனமிரங்கி, இரண்டு குடும்பமும் ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தால் முன்னதாகவே அறிக்கை அனுப்புகிறேன் என்றிருந்தார். இரண்டு குடும்பமும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். "ஒரே போட்டு, ஒரே நாளு. அதுல ஒருத்தரு செத்தாரு, ஒருத்தரு சாவலன்னு நான் எப்படிம்மா எழுதறது?" என்று கேட்டாராம். தமிழ்வேந்தன் வீட்டில் அவன் அப்பா உடனே சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அக்கா எழுதிக் கொடுக்கவில்லை. அது அப்படியே நின்றது.

ஒரு நாள் மத்தியானம் தமிழ்வேந்தனின் மனைவி லோகநாயகி படியேறி வந்தாள். இடுப்பில் குழந்தை. அப்பா போன பிறகு பிறந்த பையன். மாமனார் கீழே வண்டியில் உட்கார்ந்துகொண்டார், மேலே வரவில்லை.

"மலரக்கா, ஒரு வார்த்த."

"மொதல்ல சாப்ட்டியா, சொல்லு."

"சாப்ட்டன்க்கா." குழந்தையை மேசைமேல் உட்காரவைத்தாள். "கையெழுத்து போட்டுடுக்கா. உனுக்கு வேல இருக்கு, எனக்கு என்னா இருக்கு? இவன அங்கன்வாடியில சேக்கப் போனா அப்பா இருக்காரான்றாங்க. இருக்காருன்னா எங்கன்றாங்க. இல்லன்னா பேப்பரு குடுன்றாங்க. நான் என்னாத்த சொல்றது?"

அக்கா குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு, "செருப்பு போடலியா இவனுக்கு?" என்றார்.

"பேச்ச மாத்தாதக்கா. நீ ஒருத்தி புடிச்சி வெச்சிகிட்டு இருக்கறதாலதான் எம்புள்ள ஆவியா அலையறான்னு மாமா சொல்றாரு."

"மாமா சொல்றாரா, நீ சொல்றியா?"

லோகநாயகி தலையைக் குனிந்துகொண்டாள். கீழே ஹாரன் சத்தம் கேட்டது. "நான்தான் சொல்றன்" என்றாள். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் குனிந்து அக்காவின் காலைத் தொடப் போனாள். அக்கா பாதியிலேயே அவளைப் பிடித்து நிறுத்தினார். "ஏய், என்னாடி இது? வேணாம். எனக்குக் கொஞ்ச நாள் குடு லோகு. நான் எதுனா பண்றன்."

கடலூரிலிருந்து அந்த வேலை எங்களுக்கு வந்தது அந்த மாதம்தான். மீனவக் குடும்பங்களுக்கான ஓர் அறக்கட்டளை. கரையோர ஊர்களின் குடும்ப விவரங்களைப் பதிந்து வைக்க மென்பொருள் வேண்டும் என்றார்கள். பிள்ளைகள் படிப்பு, ஆதரவில்லாத பெண்களுக்கு உதவி எல்லாம் அந்தப் பதிவைப் பார்த்துத்தான். தாலுகா அலுவலகத்திலேயே சந்தேகம் வந்தால் அறக்கட்டளையின் செயலாளர் ராஜாமணியைத்தான் கேட்பார்கள் என்று அக்கா சொன்னார். அவர்கள் அனுப்பிய குறிப்பில், ஒவ்வோர் ஆளுக்கும் 'நிலை' என்று ஓர் இடம் இருந்தது. அதில் எழுதக்கூடியது இரண்டு: உயிருடன் உள்ளார், இறந்தவர். கணவனின் நிலையிலிருந்து மனைவியின் நிலை வரும். அவன் உயிருடன் இருந்தால் அவள் மனைவி, இறந்திருந்தால் விதவை. பிள்ளையின் நிலையும் அங்கிருந்துதான் வரும்.

அக்கா விருத்தாசலத்தின் குடும்பத்தை எழுத உட்கார்ந்தார். கணவனின் நிலையில் ஒன்றும் எழுதாமல் காலியாக விட்டுவிட்டு மீதியை எழுதினார். ஓட்டினார். திட்டக்குடியின் பதிவில் வந்து நின்றுவிட்டது, எடுக்க ஒன்றும் இல்லை என்று. அவளுக்குக் கீழே இருந்த புவனகிரியும் வரவில்லை. அந்த வீட்டில் விருத்தாசலம் மட்டும் இருந்தார்.

செந்தமிழ்செல்வன் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். "மேல ஒண்ணுமே இல்லக்கா, கீழ என்னாத்த எடுக்கும்? எதுனா ஒண்ணு போட்டு உடுங்க. இறந்தவர்னு போடுங்க. விருத்தாசலம்தான, கோச்சுக்க மாட்டாரு..." சொல்லும்போதே அவன் முகம் மாறிவிட்டது. "ஐயோ. சாரிக்கா."

"பஸ் போர்டுக்கு என்னாடா சாரி" என்றார் அக்கா. ஆனால் சிரிக்கவில்லை.

மறுநாள் அவர் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருந்தார். 'காணவில்லை.' விருத்தாசலத்துக்கு அதை எழுதினார். பிறகு திட்டக்குடியின் நிலைக்கு வந்தார். அங்கே வழக்கம்போல் கணவனைக் காட்டி எடுத்துக்கொள் என்று எழுதவில்லை. நேராக 'மனைவி' என்று எழுதினார். யாரிடமிருந்தும் எடுக்காத ஒரு சொல். எழுதும்போது அவருடைய இடது கை மடியில் கிடந்தது.

சுப்பிரமணியன் சார் பார்த்துவிட்டு, "கஸ்டமரு ரெண்டுதானம்மா கேட்டிருக்காரு" என்றார்.

"ஒரு தரம் காட்டிப் பாக்கலாம் சார். ஒரே போட்டுல போனாலும் ஒரு வீட்டுக்கு இது, இன்னொரு வீட்டுக்கு அதுன்னு இவுங்க எழுதிட்டாங்கன்னா தாலுகா ஆபீசுலயும் ஒத்துக்குவாங்க. லோகுவுக்கு அவ பேப்பரு கெடச்சிடும். என் கையெழுத்தையும் கேக்க மாட்டாங்க."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ராஜாமணி சாரு சரின்னா எனக்கு ஒண்ணுமில்ல. போயிட்டு வாங்க. பாலகுமாரையும் கூட்டிகிட்டுப் போங்க, அவன் பேசாம உக்காந்திருப்பான்" என்று என்னைக் காட்டினார்.

பேருந்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, ராஜாமணியிடம் சொல்ல வேண்டியதை அக்கா மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆலப்பாக்கம் தாண்டியதும் நிறுத்திவிட்டார். "ரொம்ப சொன்னா கெஞ்சற மாதிரி ஆயிடும்" என்றார் என்னிடம்.

அறக்கட்டளை கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகும் வழியில். கூட்டம் ஒன்றும் பெரிதில்லை. செயலாளர் ராஜாமணி, பொருளாளர், அவரோடு பொழுதுபோக வந்திருந்த அவருடைய வயதான அப்பா, இன்னும் இரண்டு பேர். சுவரில் வெள்ளையடித்த இடத்தில் படம் விழும்படி வைத்தோம். அக்கா ஒவ்வொரு குடும்பமாகக் காட்டிக்கொண்டு வந்தார். நன்றாகவே போனது. விருத்தாசலத்தின் குடும்பம் வந்தது.

"இது என்னாம்மா, மூணாவதா ஒண்ணு?" என்றார் ராஜாமணி.

"காணாமப் போனவங்களுக்கு சார்."

அவர் சுவரைப் பார்ப்பதை விட்டு அக்காவைப் பார்த்தார். தாலியைப் பார்த்திருக்க வேண்டும். "எந்த ஊரும்மா நீ?"

அக்கா ஊரைச் சொன்னார்.

"ஐப்பசியில போச்சே, அந்த போட்டுக்காரரு வீடா?"

"ஆமாம் சார்."

ராஜாமணி கோபக்காரர் இல்லை. மெதுவாகத்தான் பேசினார்.

"எங்க அண்ணன் கடலுக்குப் போயி இருவது வருஷத்துக்கு மேல ஆவுது. அண்ணி இன்னமும் அவருக்கும் சேத்துத்தான் உலை வெக்குது. அவர் சட்டைய தொவச்சிப் போடுது. அவுங்க மவளுக்கு மூணு எடத்துல சம்பந்தம் வந்து திரும்பிப் போச்சு. அப்பன் இருக்கானா இல்லியான்னு கேக்கறவங்களுக்கு எங்களால ஒரு பதில் சொல்ல முடியல. இந்த மூணாவத நான் வெச்சேன்னு வையி, இந்தக் கரையில ஒரு வீட்டுலயும் ரெண்டாவத எழுத மாட்டாங்கம்மா. எல்லாரும் இதுலயே உக்காந்துடுவாங்க. யாருக்குத்தான் மனசு வரும், சொல்லு? நான் கல்லு மாதிரி பேசறன்னு நெனைக்காத."

"ஒரு வீட்டுக்கு மட்டும் சார். கூடப் போன தம்பி வீட்டுப் பொண்ணுக்கு எழுதிடுங்க. எனக்கு மட்டும் இது இருக்கட்டும்."

"கடல்ல ஒரு வீடுன்னு எதும்மா? ஒரு போட்டுல ரெண்டு வீடு போச்சு. ஒண்ண எழுதி ஒண்ண உட்டா, எழுதின வீட்டுக்காரி தெனம் உன் வாசலப் பாப்பா. அவளுக்குத்தான் அது நரகம். எடுத்துடும்மா. ரெண்டு போதும்."

அக்கா வாதாடவில்லை. மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 'காணவில்லை'யை எடுத்தார். விருத்தாசலத்தின் நிலை காலியாயிற்று. திட்டக்குடியின் பதிவில் எழுதியிருந்த 'மனைவி'யை ஒவ்வோர் எழுத்தாக அழித்துவிட்டு, கணவனிடமிருந்து எடுத்துக்கொள் என்று எழுதினார். இனி மேலே ஒன்றை எழுதாமல் ஓட்ட முடியாது. எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். 'உயிருடன் உள்ளார்' என்று எழுதியிருக்கலாம். சோதனைக் குடும்பம்தானே. அக்கா விரலை அந்தக் காலி இடத்தில் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு 'இறந்தவர்' என்று எழுதி ஓட்டினார். எங்கும் நிற்கவில்லை. திட்டக்குடி, விதவை. புவனகிரி, தந்தையை இழந்தவர். மூன்று பேரும் வரிசையாகச் சுவரில் வந்து நின்றார்கள்.

"அடப் பாவி மவளே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பொருளாளரின் அப்பா எழுந்து நின்றுவிட்டார். "என்னய எதுக்கும்மா கொன்ன?"

அவர் பெயர் விருத்தாசலம். அது எங்களுக்குத் தெரியாது. பேருந்துப் பலகையிலிருந்து ஆள் எடுத்தவர்களுக்கு இப்படி ஒருவர் எதிரில் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியதே இல்லை. அறையே சிரித்தது. "உனுக்கு இன்னும் டீ பாக்கி இருக்குப்பா, குடிச்சிட்டுப் போ" என்றார் மகன். ராஜாமணிகூடச் சிரித்தார். அக்காவும் எழுந்து, கையைக் கூப்பி, சிரித்த முகத்தோடு, "மன்னிச்சுக்குங்க ஐயா. பொய்தான். சும்மா சோதன பண்ணிப் பாத்தது" என்றார்.

திரும்பும்போது பேருந்தில் உட்கார இடம் இல்லை. பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் முட்லூரில் இறங்குவதற்கு முன் என் தோளைத் தொட்டுக் கூப்பிட்டார். "தம்பி, திங்கக்கெழம தாலுகா ஆபீசுக்கு வர்றியா? சாட்சிக்கு வெளி ஆளு ஒருத்தரு வேணுமாம். ஊருல யாரையும் கேக்க எனக்கு மனசில்ல."

நான் போனேன். லோகநாயகியும் மாமனாரும் முன்னாலேயே வந்திருந்தார்கள். குழந்தை அவள் மடியில் தூங்கியது. அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். காகிதங்களைப் புரட்டிவிட்டு, "கணவர் பேரச் சொல்லும்மா" என்றார்.

அக்கா காகிதத்தில் அந்தப் பெயர் இருந்த வரியின்மேல் விரலை வைத்துக் காட்டினார்.

"எழுதியிருக்குது, தெரியும். ஆனா நீ வாயால சொல்லி நான் கேட்டுக்கணும்."

அக்கா லோகநாயகியைப் பார்த்தார். லோகநாயகி குழந்தையின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லு புள்ள, எத்தினி நேரம்?" என்றார் மாமனார்.

"பூவராகன்" என்றார் அக்கா.

மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடலுக்கு வருகிற சாமியின் பெயர். அந்த அறைக்கு வேண்டியதைவிடச் சத்தமாகச் சொல்லிவிட்டார். அலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரைக் கரையிலிருந்து கூப்பிட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். குழந்தை விழித்துக்கொண்டது. அதிகாரி காட்டிய இடத்தில் அக்கா கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கீழே நான் சாட்சி எழுதினேன்.

அடுத்து லோகநாயகி. பேனாவைப் பிடித்தவள் வெகுநேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போட்டாள். போட்ட கையோடு அக்காவின் தோளில் விழுந்து கத்தி அழுதாள். அத்தனை நாள் இழுத்தடித்தது முடிந்த அழுகை என்றுதான் நான் நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பார். அவர் கண் கலங்கவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே, "அழாத லோகு. உனக்கு இனிமே ஒரு வழி பொறந்துடும். அழாத" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊரில் தர்ப்பையால் ஆள் மாதிரி கட்டி, கரையில் வைத்துக் கொளுத்தி, செய்ய வேண்டியதைச் செய்தார்கள். அக்கா வேலைக்குத் திரும்பி வந்தபோது செந்தமிழ்செல்வன் எழுந்து நின்றுவிட்டான், எதற்கு நின்றோம் என்று தெரியாமல் பிறகு போய் ஜன்னலைத் திறந்தான். அக்கா எங்கள் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்து கணினியைப் போட்டார். கழுத்து வெறுமையாக இருந்தது. அன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாணவர்களை எழுத வேண்டியிருந்தது, எழுதினார். சாப்பாட்டு நேரத்தில், வினோதினிக்குப் பள்ளியில் ஏதோ காகிதம் கேட்டார்கள், உடனே கொடுக்க முடிந்தது என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் 'அவுங்க' என்று சொல்லி நான் கேட்கவில்லை. குழம்பைப் பற்றியும் பேசுவதில்லை.

ஒரு வருடம் கழித்து, மகளின் படிப்புக்காகக் கடலூருக்கே போய்விட்டார். ராஜாமணியின் அறக்கட்டளையில் அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

லோகநாயகியை நான் அதற்கும் பிறகு சிதம்பரம் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். அவள்தான் என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டாள். பையன் வளர்ந்திருந்தான். அவள் கழுத்தில் புதுத் தாலி. தமிழ்வேந்தனின் தம்பிக்கே கட்டிவைத்துவிட்டார்களாம். அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். சொன்னேன். நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றி, அன்றைக்கு நீங்கள் வந்து கேட்டதால்தான் அக்காவுக்கும் மனது வந்தது என்றேன்.

அவள் பையனின் சட்டைக் காலரைச் சரிசெய்தபடியே சொன்னாள்:

"இந்தக் கல்யாணத்துக்கு அந்தப் பேப்பரு வேணும்னுதான் மாமா என்னய அன்னிக்குக் கூட்டியாந்தாரு. எனக்கு இஷ்டமே இல்ல தம்பி. அவுரு வருவாரு, இல்லன்னா வராமயே இருக்கட்டும், நான் அவுரு பொண்டாட்டியாவே இருந்துட்டுப் போறன்னு இருந்தன். வீட்டுல அத வாயத் தொறந்து சொல்ல முடியல. மலரக்கா செத்தாலும் கையெழுத்து போடாதுன்னு அவ்ளோ நம்பிக்கை எனக்கு. அந்த தைரியத்துலதான் கால்ல உழுந்து கேட்டன்."